வெயிலுக்கு ஏற்ற மோட்டார்

வீட்டு மோட்டாரை சோலாரில் ஓட்டப்போகிறோம் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை பேனல்?" என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வேண்டும், எவ்வளவு உயரத்துக்கு ஏற வேண்டும், எவ்வளவு அவசரமாக ஏற வேண்டும் என்று மூன்று கேள்விகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. செலவை ஏற்றிவிடுவது மூன்றாவதுதான். அவசரத்தை விட்டுக்கொடுத்தால் இரண்டு பேனலில் வேலை முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். மோட்டார், கரன்ட் எல்லாம் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டாத கணக்கைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. சோலார் விற்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போன பட்டியல் அப்படி ஒட்டாத கணக்கு. 3 கிலோவாட் பேனல், 5 கேவிஏ இன்வெர்ட்டர், நான்கு பெரிய பேட்டரி. இத்தனையும் எதற்கு? மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் டேங்கை நாளுக்கு ஒரு தடவை நிரப்ப.

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். போர்வெல்லில் தண்ணீர் நிற்பது 60 அடியில். டேங்கின் வாய் தரையிலிருந்து 30 அடி. குழாயின் உராய்வுக்கு ஒரு 10 அடி சேர்த்துக்கொண்டால் மொத்தம் 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர். 1000 லிட்டர் என்பது 1000 கிலோ. 1000 பெருக்கல் 9.81 பெருக்கல் 30 என்றால் 2,94,300 ஜூல். ஒரு யூனிட் கரன்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, அந்தத் தண்ணீரை மேலே தூக்க உண்மையில் தேவைப்படும் சக்தி 0.08 யூனிட். பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட இல்லை!

மோட்டாரும் பம்பும் பாதிக்கு மேல் சூடாகவும் சுழற்சியாகவும் வீணாக்கும், அதை மறுக்க முடியாது. எங்கள் பழைய 1 எச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் 5 ஆம்பியர் காட்டியது. கிட்டத்தட்ட 1100 வாட். டேங்க் நிரம்ப 25 நிமிடம். அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு வீணடித்தும் அரை யூனிட்தான். 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்கு மேலேயே தரும். பிறகு எதற்கு 3 கிலோவாட்?

எங்கள் வீட்டு வயரிங் பார்க்கும் தம்பியிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்க யூனிட்டப் பார்க்கிறீங்க, அவங்க ஸ்டார்ட்டிங்கப் பார்க்கிறாங்க" என்றார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. சாதாரண ஏசி மோட்டார் ஸ்விட்சைத் தட்டியதும் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரன்டை ஒரு நொடிக்கு இழுக்கும். 5 ஆம்பியர் மோட்டார் 25, 30 ஆம்பியர் கேட்கும். தெருவிலிருந்து வரும் லைன் இதைக் கண்டுகொள்ளாது. வீட்டில் பல்பு ஒரு தடவை மங்கும், அவ்வளவுதான். பேனலால் அப்படி முடியாது. அந்த நேரத்து வெயில் எவ்வளவு தருகிறதோ அதற்கு மேல் ஒரு ஆம்பியர்கூட அதிகம் தராது. அதனால்தான் பெரிய இன்வெர்ட்டர், அதற்குப் பின்னால் பேட்டரி. ஒரு நொடி அவசரத்துக்காக நான்கு பேட்டரி வாங்கி, சில வருடத்துக்கு ஒரு தடவை அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பழைய மோட்டாரையே ஓட்டணும்னா இதுதான் வழி. மோட்டாரை மாத்திக்கிறேன்னா கதையே வேற" என்றார் தம்பி. மாற்றிக்கொண்டோம்.

இப்போது போருக்குள் இருப்பது அரை எச்பி பிஎல்டிசி பம்ப், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்தது. 72 வோல்ட் டிசி. இரண்டு 330 வாட் பேனல்கள் சீரீஸில். நடுவில் ஒரு கன்ட்ரோலர். பேட்டரி இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. இந்த மோட்டார் தடாலென்று கிளம்புவதில்லை. கன்ட்ரோலர் அதை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, வெயில் ஏற ஏற வேகத்தை ஏற்றுகிறது. பேனலிலிருந்து அந்த நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு உருவ முடியும் என்று வோல்ட்டை ஏற்றி இறக்கித் தேடிக்கொண்டே இருப்பதும் அதன் வேலைதான். எம்பிபிடி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான்.

உச்சி வெயிலில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வருகிறது. முதல் நாள் டேங்குக்குள் எட்டிப் பார்த்த அத்தை, "என்னம்மா இது, நூல் மாதிரி வருது? இது எப்போ ரொம்பி, நாம எப்போ குளிக்க?" என்றார். பழைய மோட்டார் பீய்ச்சி அடித்ததைப் பார்த்த கண்ணுக்கு இது அப்படித்தான் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்றால் 40 நிமிடத்தில் 1000 லிட்டர். வெயில் பகலெல்லாம் இருக்கிறது. அதில் பாதி அளவே வந்தாலும் மதியத்துக்குள் டேங்க் நிறைந்து ஃப்ளோட் ஸ்விட்ச் நிறுத்திவிடுகிறது. மீதி நாள் முழுக்க பேனல் சும்மா வெயில் காய்கிறது. கணக்குக்காரிக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான், ஆனாலும் பேட்டரி செலவு மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

நான் எதிர்பார்க்காத லாபம் போரில் கிடைத்தது. போரில் தண்ணீர் 60 அடியில் நிற்கிறது என்பது மோட்டார் ஓடாதபோது. ஓட ஆரம்பித்ததும் மட்டம் இறங்கும். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும். ஏனென்றால் பாறை இடுக்கிலிருந்து ஊறி வரும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. கோடையில் எங்கள் பழைய மோட்டார் பாதி டேங்க் நிரம்பும் முன்பே காற்றை இழுத்துக் குமுறும். நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். "போர் வத்திப்போச்சு, இன்னும் ஆழமாப் போடணும்" என்று சொன்னவர்களும் உண்டு. போர் வற்றவில்லை. ஊறுவதற்கு நாங்கள் நேரம் கொடுக்கவில்லை. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்த இடத்தில் இப்போது 25, அதுவும் காலை வேளையில் 10, 15 என்று இழுப்பதால் ஊற்று ஈடு கொடுக்கிறது. மட்டம் அதிகம் இறங்காததால் தூக்க வேண்டிய உயரமும் குறைகிறது. குழாயில் வேகம் குறைவதால் உராய்வும் குறைகிறது. மெதுவாக இறைத்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆகும் சக்தியே குறைந்துவிடுகிறது. இதைத்தான் அந்தப் பட்டியல் கொடுத்தவர் கடைசி வரை சொல்லவில்லை.

ஆனால் மெதுவாக என்பதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. காலையில் கன்ட்ரோலர் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். வெயில் பேனலில் பட ஆரம்பித்ததும் மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும். திரையில் வாட் 60, 90, 120 என்று ஏறும். டேங்கில் ஒரு சொட்டு வராது. போர் வாயில் கையை வைத்தால் குழாய் அதிர்வது மட்டும் தெரியும். 200 வாட் பக்கம் வந்ததும் மாடியில் ஒரு செருமல், காற்று கக்கல், அப்புறம் தண்ணீர். காரணம் இதுதான்: எங்களுடையது சக்கரத்தைச் சுழற்றித் தண்ணீரை வீசித் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப். அதில் வேகம் பாதியானால் தண்ணீரின் அளவு பாதியாகும், ஆனால் அது தூக்கும் உயரம் கால்வாசியாகிவிடும். முழு வேகத்தில் 45 மீட்டர் வரை தள்ளக்கூடிய பம்ப், உராய்வு சேர்க்காத எங்கள் 27 மீட்டர் உயரத்தைத் தொட முழு வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் சுற்றியாக வேண்டும். அதற்குக் கீழே அது குழாய்க்குள் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கும், மேலே வராது. கோடையில் தண்ணீர் 100 அடிக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட முழு வேகம் வந்தால்தான் டேங்குக்கு எட்டும். அந்த மாதங்களில் வெயிலும் தாராளம் என்பதால் சமாளிக்க முடிகிறது. மழைக்காலத்தில் வெயில் குறைவு, தண்ணீர் மேலே. இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் சோலார் பம்ப் இவ்வளவு சுலபமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இதற்கு மாற்றாகத் திருகு வகைப் பம்ப் ஒன்று உண்டு. ஹெலிகல் ரோட்டர் என்பார்கள். திருகு போன்ற எஃகுத் தண்டு ரப்பர் உறைக்குள் சுற்றும். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அந்த அளவுக்குத் தண்ணீர் மேலே வந்துகொண்டே இருக்கும். மேகமூட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆழம் அதிகமாகவும் தேவை குறைவாகவும் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. எங்கள் போரில் நைஸ் மணல் வருகிறது. மணல் ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் அதை விட்டுவிட்டோம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் கருகியும் போகும்.

பேனல் வைத்த கதைக்கு வருகிறேன். மொட்டைமாடியில் இடம் தாராளம், ஆனால் நிழல் இல்லாத இடம் குறைவு. கைப்பிடிச்சுவரின் நிழல் காலையில், அந்தத் தண்ணீர் டேங்கின் நிழல் பிற்பகலில். ஒரு விடுமுறை நாளில் சாக்பீஸால் மணிக்கு ஒரு தடவை நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று பக்கத்து மாடியில் நினைத்திருப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு வெளியே மிஞ்சிய இடத்தில்தான் பேனல்கள் இருக்கின்றன. காலை நிழல் மட்டும் கொஞ்ச நேரம் கீழ் விளிம்பைத் தொடும். அதற்காகவே பேனலை நெடுக்காக நிறுத்தாமல் குறுக்காகப் படுக்க வைத்தோம். பேனலுக்குள் செல்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து, நீள வாக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கரன்டுக்கு மாற்று வழி விடும் ஒரு பைபாஸ் டயோடு. நெடுக்காக நிறுத்தினால் கீழே விழும் ஒரு சாண் நிழல் மூன்று கூட்டத்தையும் தொட்டு மொத்தப் பேனலையும் முடக்கிவிடும். குறுக்காக வைத்தால் அதே நிழல் ஒரு கூட்டத்தை மட்டும் பிடிக்கும். டயோடு அதைத் தாண்டிப் போய்விடும், மீதி இரண்டு வேலை செய்யும். செல்லைப் பாதியாக வெட்டிச் செய்யும் புது வகைப் பேனல்களில் இணைப்பு வேறு, அவற்றுக்கு இது அப்படியே பொருந்தாது.

திசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்கள் தெற்குப் பார்த்து, தெற்கே இருப்பவர்கள் வடக்குப் பார்த்து, இருக்கும் இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். அந்தக் கணக்கு 10 டிகிரிக்குக் கீழே வந்தாலும் 10 வைத்துக்கொள்வது நல்லது, மழையில் தூசி தானாக வழியும்.

330 வாட் என்று ஒட்டியிருக்கும் பேனல் 330 வாட் தராது, இதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். அது செல்லின் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு. வெயிலில் காயும் பேனலின் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். கொளுத்தும் நடுப்பகலைவிட, மழை விட்டு வானம் தெளிந்து காற்றடிக்கும் காலையில்தான் எங்கள் திரையில் பெரிய எண்ணைப் பார்த்திருக்கிறேன். குளிரில் வோல்ட் ஏறும் என்பதால் கன்ட்ரோலரின் உச்ச வோல்ட்டுக்கும் பேனல்களின் திறந்த சுற்று வோல்ட்டுக்கும் (எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போது காட்டுவது) நல்ல இடைவெளி வேண்டும். எங்களுடைய இரண்டும் சேர்ந்து 92 வோல்ட், கன்ட்ரோலர் 150 வரை தாங்கும்.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 400 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர்கூட இல்லை. 72 வோல்ட்டில் அனுப்பினால் ஐந்தரை ஆம்பியர். கரன்ட் மூன்று மடங்கு ஏறினால் அதே வயரில் சூடாக வீணாவது பத்து மடங்கு, வர்க்கத்தில் ஏறும் கணக்கு அது. ஆகவே வீட்டில் மிச்சம் கிடக்கும் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை வைத்து ஒப்பேற்ற முடியாது. எங்களுக்கு 4 ஸ்கொயர் போட்டது.

இன்னொன்று, ஸ்விட்ச். தம்பி முதலில் கையில் எடுத்து வந்தது வீட்டு மெயின் போர்டில் இருக்குமே, அதே ஏசி எம்சிபி. பிறகு அவரே அதைத் திருப்பி வைத்துவிட்டு டிசிக்கென்றே செய்த துண்டிப்பு ஸ்விட்சான டிசி ஐசொலேட்டர் வாங்கி வந்தார். காரணத்தைச் செய்து காட்டட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது. ஏசி கரன்ட் நொடிக்கு 100 தடவை சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, வந்து போகிறது. ஸ்விட்சைத் திறக்கும்போது தீப்பொறி பாய்ந்தாலும் அடுத்த சுழியில் அணைந்துவிடும். டிசியில் சுழியே கிடையாது. பொறி அணையாமல் வெல்டிங் போல நின்று எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேனலின் இணைப்பைக் கையால் உருவுவதும் இதே ஆபத்துதான். வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்க முடியாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பேனல் சட்டத்துக்கு எர்த், இடிக்கு சர்ஜ் அரெஸ்டர், இரண்டும் போட்டாயிற்று.

மேகமூட்டமான நாட்கள்? கருத்த வானத்தில் இரண்டு பேனலும் சேர்ந்து 80, 100 வாட் தந்தால் அதிகம். அன்று தண்ணீர் ஏறாது. இதற்குப் பேட்டரி வைப்பதைவிடத் தண்ணீரைச் சேர்த்து வைப்பது மேல். ஒரு டேங்க் கூடுதலாக வைத்தால் அது பழுதாகாது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம். அதையும் தாண்டி வெயில் வராவிட்டால் லைன் கரன்டிலிருந்து 72 வோல்ட் டிசி தரும் சிறிய சப்ளை ஒன்றை மாற்றுச் சுவிட்சோடு வைத்திருக்கிறோம். எப்போதாவது தேவைப்படுகிறது.

வீட்டில் ஏற்கெனவே லைனோடு இணைந்த சோலார் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பழைய மோட்டாரைப் பகல் 11 மணிக்கு மேல் போடுங்கள், ஸ்டார்ட்டிங் கரன்டை லைன் பார்த்துக்கொள்ளும். ஒரே குறை, லைனில் கரன்ட் போனால் அந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கரன்ட் கட்டுக்காகவே சோலார் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

போர் இல்லாமல் தரைத்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்றுபவர்களுக்கு வேலை இன்னும் லேசு. உயரம் 12 மீட்டர்தான் என்றால் 1000 லிட்டருக்கு 0.03 யூனிட். 150 வாட் டிசி பம்பே போதும். பம்பைத் தொட்டி மட்டத்துக்கு அருகில் வையுங்கள், அவ்வளவுதான். எந்தப் பம்பும் மேலே இருந்துகொண்டு 10.3 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அது காற்றழுத்தத்தின் எல்லை. நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினாலே திணறும்.

வெயிலால் தண்ணீர் இறைப்பது நம் காலத்துப் புதுமை என்று நினைத்திருந்தேன். 1913இலேயே ஃப்ராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் எகிப்தில் மாதி என்ற இடத்தில் வளைந்த கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்து, வெயிலில் நீராவி உண்டாக்கி, நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைத்திருக்கிறார். பேனல், டயோடு எதுவும் இல்லை. அடுத்த வருடமே உலகப் போர் வந்து அந்த முயற்சி நின்றுபோனது.

பராமரிப்பு என்று பார்த்தால் பேனல் துடைப்பதுதான். பறவை எச்சம் ஒரு செல்லை மறைத்தால் அந்த இடம் சூடேறிக் கருகும், அதை மட்டும் உடனே எடுத்துவிடுவேன். வெயில் ஏறுமுன் துடைக்க வேண்டும்; காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் வெள்ளைப் படலம் படிந்துவிடும் என்பதால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் மெத்தென்ற துணியும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் எச்பியைக் கேட்காமல் அந்தப் பம்பின் கர்வைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வளைகோடாகப் போட்டிருக்கும். பெட்டியின் மேல் 'அதிகபட்சம் 60 மீட்டர், அதிகபட்சம் 60 லிட்டர்' என்று பெரிதாக அச்சடித்திருப்பது இரண்டும் ஒன்றாக நடக்காது. 60 மீட்டரில் சொட்டுகூட வராது, 60 லிட்டர் வருவது தரையில் ஊற்றினால். உங்கள் கோடைக்கால ஆழத்தையும் டேங்க் உயரத்தையும் கூட்டி, அந்தக் கோட்டில் விரலை வைத்து எத்தனை லிட்டர் என்று படித்துவிட்டு அப்புறம் விலையைப் பேசுங்கள். கர்வ் இல்லை என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

எங்களுக்கு அடுத்த வேலை அந்த இரண்டாவது டேங்க். எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. அத்தை காட்டும் இடத்தில் வைத்தால் மூன்று மணிக்கு மேல் நிழல் நேராகப் பேனலில் விழுகிறது.